களிமண் தரை டென்னிஸும் கண்ணால் கண்ட சிவபாண்டியும்

நேரில் பார்த்தவர் என்று ஓர் இனம் உண்டு. இவரைச் சாட்சியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சாட்சி என்பவர் தப்பித் தவறி எதையோ பார்த்துத் தொலைத்துவிட்டு, கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்று பயந்து, "நான் ஒண்ணுமே பாக்கலைங்க" என்று கும்பிடு போடுகிறவர். நேரில் பார்த்தவர் சம்பவம் நடந்த தெருப்பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். ஆனால் வைகையில் வெள்ளம் வந்த கதையை நீங்கள் ஆரம்பித்து, "பாலத்துக்கு மேல தண்ணி..." என்று முடிப்பதற்குள், கண்ணை மெல்ல மூடி, ஒரு பெருமூச்சு விட்டு, "அன்னைக்கு நான் அங்கதான இருந்தேன்" என்று உங்கள் வெள்ளத்தைப் பிடுங்கிக்கொள்வார். போச்சு. இனி அது அவருடைய வெள்ளம்.

இவரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? சுலபம். யாரும் கேட்காத சில்லறை விவரங்களாகக் கொட்டுவார். "அன்னைக்குக் காலையில ரெண்டு இட்லிதான் சாப்ட்டிருந்தேன்" என்பார். இட்லியைப் பற்றி யாரய்யா கேட்டது? ஆனால் பாருங்கள், இட்லியைக் கேட்டதும் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. இட்லியை எண்ணி வைத்திருக்கிற மனுஷன் பொய் சொல்வானா? அடுத்து, பக்கத்தில் நின்ற ஆளின் பெயரைச் சொல்வார். "எனக்கு இந்தப் பக்கம் நம்ம தவசி நின்னான், பாவம், போய்ச் சேந்துட்டான்." பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் எப்படித்தான் ஒருவர் மிச்சமில்லாமல் செத்துப்போனார்கள் என்று கேட்காதீர்கள். கேட்டால் அவர்களுடைய கடைசி மூச்சின்போதும் இவர் அங்கேதான் இருந்திருப்பார்.

இந்த இனத்தில் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் சண்டை வரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? வராது.

"அண்ணே, நீங்களும் இருந்தீகளா? நான் பாக்கலயே?"

"நான் வடக்குப் பக்கம் இருந்தேன்ல மாப்ள."

"அதான பாத்தேன். நான் தெக்குப் பக்கம்."

முடிந்தது கதை. இருவரும் ஒருவருக்கொருவர் சாட்சி. இனி அந்தக் கதையைச் சுத்தியல் வைத்து அடித்தாலும் உடைக்க முடியாது.

ஊருக்கு ஊர் இவர்கள் எதையாவது பிடித்துத் தொங்குவார்கள். எங்கள் மதுரைக் கோச்சடைப் பக்கத்து ஆட்கள் பிடித்துத் தொங்குவது டென்னிஸ். சிரிக்காதீர்கள். மதுரையில் நாற்பது வருஷத்துக்கு முந்தி 'வைகை சர்வதேசக் களிமண் தரை டென்னிஸ் போட்டி' என்று ஒன்று இருந்தது. சர்வதேசம் என்றால் நிஜ சர்வதேசம். செக்கோஸ்லோவாகியாவிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் ஆள் வந்தார்கள், வந்து ஜிகர்தண்டா குடித்தார்கள், குடித்துவிட்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை. ஆறு வருஷம் நடந்து ஏழாம் வருஷம் பேச்சு மூச்சில்லாமல் செத்துப்போனது.

அதன் வரலாற்றைக் கொஞ்சம் கேளுங்கள், நேரமிருக்கிறது. வைகைக்கரை டென்னிஸ் சங்கத்துக்குச் செகரட்டரியாக இருந்த பிச்சுமணி என்பவர், பாங்கு உத்தியோகத்தில் சேர்த்த அத்தனை நல்ல பேரையும் அடகுவைத்து, ஊர் ஊராகக் கடிதம் போட்டு, இந்தப் போட்டியைக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் செங்கல்லைப் பொடித்துத் தரை போடுவார்களாம். இங்கே யாருக்கு அது தெரியும்? நெல்லடிக்கக் களம் போடுவதில் கெட்டிக்காரரான மொக்கையனைக் கூப்பிட்டார்கள். அவர் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "களம் மாதிரிதான சாமி, நடுவுல ஒரு வலை, அம்புட்டுத்தான" என்று சொல்லி, கண்மாய் வண்டலும் செம்மண்ணும் குழைத்து, சாணிப்பால் தெளித்து, உருளையை இழுத்து, பதினைந்து நாளில் ஒரு தரை போட்டார். அந்த மாதிரித் தரையைத் தாங்கள் உலகத்தில் வேறெங்கும் கண்டதில்லை என்று வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பாராட்டா, புகாரா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

மைக் பிடிக்க ஆள் வேண்டுமே? ஜல்லிக்கட்டுக்கு மைக் பிடிக்கிற முத்துக்கருப்பனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். டென்னிஸில் பந்து போகும்போது ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி அமைதி வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. "இந்தா வருது செக்கோஸ்லோவாகியா காளை! தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு! அர்ஜென்டினா, மெரளாதப்பா, பந்துதான்! அடடடா... பந்து பிடிபடல! பிடிபடாத பந்துக்கு ஒரு பித்தளை அண்டா!" என்று அவர் முழங்க, நடுவர் அமைதி அமைதி என்று கெஞ்ச, ஜனம் அதற்கும் விசிலடித்தது. ட்வோர்ஷாக் என்கிற செக்கோஸ்லோவாகியா ஆட்டக்காரரின் பேர் யார் வாயிலும் நுழையாததால், போஸ்டரில் துரைராஜ் என்றே அச்சடித்தார்கள். இரண்டாம் வருஷம் முதல் அவரும் துரைராஜ் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தார்.

ஆறாம் வருஷம், இதையெல்லாம் நடத்துகிற வெளிநாட்டு அமைப்பு, வழக்கமான தை மாதத்தைப் பிடுங்கிக்கொண்டு, உலகத்தில் எந்த ஊரும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்ட சித்திரை வாரத்தை மதுரை தலையில் கட்டியது. கொளுத்துகிற வெயில். துரைராஜுக்கும் அர்ஜென்டினாக்காரருக்கும் இறுதி ஆட்டம், சாயங்காலம் நாலு மணி என்று போஸ்டர் ஒட்டினார்கள். அதோடு சரி. மறுவருஷம் போட்டி இல்லை. ஏன் இல்லை? அரசியல் என்றார்கள் சிலர், பக்கத்து மாவட்டத்தின் பொறாமை என்றார்கள் சிலர். காரணம் எதுவானால் என்ன, இறுதி ஆட்டம் மட்டும் ஊரின் சொத்தாகிவிட்டது.

அந்த ஆட்டத்தைக் கோச்சடையில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஐந்து செட்டு. சாயங்கால வெயில் துரைராஜ் கண்ணில் அடிக்கிறது. கடைசிப் பந்து வலையின் விளிம்பில் ஏறி நின்று, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ரொம்ப நேரம் யோசித்து, அர்ஜென்டினா பக்கம் விழுகிறது. கூட்டம் துரைராஜைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அங்கே இருந்ததோ முந்நூறு பேர் உட்காரக்கூடிய மூங்கில் கேலரி. நேரில் பார்த்ததாகச் சொல்பவர்களை உட்காரவைக்க வேண்டுமானால் மூங்கிலுக்கு ஒரு காடே வேண்டும்.

இந்த இனத்தின் திலகம்தான் எங்கள் சிவபாண்டி. அறுபத்தைந்து வயது. கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பைபாஸ் ரோட்டில் எங்களோடு நடப்பார். நடப்பது பாதி, நின்று அந்த இறுதி ஆட்டத்தை ஆடிக் காட்டுவது பாதி. கையிலிருக்கிற குடைதான் மட்டை. லாரிக்காரன் ஹார்ன் அடித்தால், "இருப்பா, சர்வீஸ் போட்டுக்கிறேன்" என்பார். "துரைராஜ் எனக்கு ரெண்டு முழத்துலதாண்ணே நிக்கிறாரு. துண்டைக் குடுத்தேன். தொடச்சுட்டு, 'தேங்க்ஸ் பாண்டி'ன்னாரு" என்று சொல்லும்போது அவருக்கே மயிர்க்கூச்செறியும். "நம்ம மாமனாரு மொக்கையன் போட்ட தரைல்ல! எனக்கு உள்ள வரைக்கும் போக பாஸு" என்பார். மொக்கையன் அவருக்கு மாமனார் என்பது உண்மை. ஒரு பெரிய புளுகுக்கு முட்டுக்கொடுக்க எப்போதும் ஒரு சின்ன உண்மை வேண்டும்.

வெளியே இந்தக் கதை. வீட்டுக்குள்ளே வேறு ஒரு கதை. அதே மனிதர், அதே வருஷம், அதே சித்திரை. மனைவி முனீஸ்வரியைப் பெண் பார்க்கப் போனபோது, பெரியவர்கள் முன்னால், "பொண்ணை நான் முன்னாடியே பாத்துட்டேன். அழகர் ஆத்துல இறங்குன அன்னைக்கு ஆத்துக்குள்ள, பச்சைச் சேலையில, அப்பவே அழகர் எனக்குக் காமிச்சுட்டாரு" என்று ஒரே போடாகப் போட்டாராம். அந்த வருஷம் அழகரும் பச்சைப் பட்டு. பெரியவர்கள் உருகிப்போனார்கள். தெய்வமே நிச்சயித்த சம்பந்தம் என்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்யாண நாளுக்கும், பேரன் காதுகுத்துக்கும், சொந்தக்காரர் யார் வந்து காபி குடித்தாலும் இந்தப் பச்சைச் சேலைக் கதை உண்டு. முனீஸ்வரி அப்போதெல்லாம் இட்லி மாவு அரைக்கப் போய்விடுவார். வெட்கம் என்று சிவபாண்டி நினைத்துக்கொண்டார். நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

இரண்டு கதைக்கும் நடுவே வீட்டு வாசற்கதவு இருந்தது. நாற்பது வருஷமாக அந்தக் கதவு விசுவாசமாக வேலை பார்த்தது.

அப்போதுதான் தீப்தி வந்தாள். மறைந்த செகரட்டரி பிச்சுமணியின் பேத்தி, சென்னையில் வேலை. தாத்தாவின் போட்டியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதப்போவதாகவும், சங்கத்து வாசலில் ஒரு கல் நட்டு, கடைசி இறுதி ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களின் பேரை அதில் வெட்டப்போவதாகவும், பார்த்தவர்கள் பார்த்ததை எழுதிக் கொடுக்கலாம் என்றும் நோட்டீஸ் ஒட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். அதில் முப்பது பேருக்கு ஆட்டம் நடந்தபோது வயது மூன்றுக்குக் கீழே.

சிவபாண்டிக்குத் தூக்கம் போயிற்று. "எம் பேரு கல்லுல வரணும்ணே" என்றார் என்னிடம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "முப்பத்தஞ்சு வருசம் அடுத்தவன் கையெழுத்துக்குக் கீழ சின்னதா இனிசியல் போட்டே காலம் போயிருச்சு. எம் பேரு முழுசா எங்கண்ணே இருக்கு? ரேசன் கார்டுலயும் கரண்டு பில்லுலயும். கல்லுல வந்துட்டா, நான் போனப்பறமும் ஒருத்தன் நின்னு வாசிப்பான்ல?" எனக்கு அவர்மீது இரக்கம் வந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். புளுகனுக்கும் நெஞ்சு உண்டு.

விழா அன்று பட்டு வேட்டி கட்டி, பவுடர் போட்டு, வாழ்க்கையிலேயே முதல் முறையாக முனீஸ்வரியையும் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பேர் கல்லில் ஏறுகிற நேரம் பெண்டாட்டி பார்க்க வேண்டாமா? இரண்டு கதையும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டதே என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். பேர் மேல் ஆசை வந்தவனுக்கு யோசனை எங்கே வரும்?

சங்கத்து மண்டபத்தில் தொண்ணூறு நாற்காலிதான், மிச்சப் பேர் சுவரோரம் நின்றார்கள். நல்ல புழுக்கம். அன்று மத்தியானம் நான் இரண்டு சப்பாத்திதான் சாப்பிட்டிருந்தேன். நேரில் பார்த்தவர்கள் முன்பக்கம், அவர்கள் வீட்டம்மாக்கள் வலதுபக்கம். ஒவ்வொருவராக மேடையேறி ஆட்டத்தைச் சொன்னார்கள். எல்லோரும் சாயங்கால வெயிலைச் சொன்னார்கள், எல்லோரும் வலைமேல் நின்று யோசித்த பந்தைச் சொன்னார்கள். கடைசியாக சிவபாண்டி. மைக்கைக் கையில் எடுத்து, துண்டை துரைராஜுக்குக் கொடுத்த இடத்தில் தோளிலிருந்த தன் துண்டையே எடுத்து நீட்டிக் காட்டினார். கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. தீப்தி பொறுமையாக எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு எழுந்தாள்.

"ரொம்ப நன்றிங்க. தாத்தாவோட டைரி போன மாசம்தான் கிடைச்சது. அதுல ஒரு பக்கம் படிக்கிறேன்" என்று சொல்லி, பழுப்பேறிய ஒரு நோட்டைப் பிரித்து வாசித்தாள்:

"மாலை மூன்று மணிக்குப் பேய் மழை. நாலு மணி ஆட்டம் ரத்து. துரைராஜுக்கு நாளைப் பகல் விமானம். ஆகையால் நாளை விடிகாலை ஐந்தே முக்காலுக்கு இறுதி ஆட்டம். நாளை அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்று கமிட்டியில் ஆட்சேபித்தார்கள். நான் சொன்னேன்: லட்சோபலட்சம் ஜனம் மூன்று மைல் தூரத்தில் நிற்கும், அதில் முந்நூறு பேர் இந்தப் பக்கம் திரும்பமாட்டார்களா?"

மண்டபத்தில் ஓர் அமைதி விழுந்தது பாருங்கள்! வெளியூர்க்காரர்களுக்கு அது புரியாது, சொல்கிறேன். மதுரைக்காரன் வேலை போனதை ஒத்துக்கொள்வான், சீட்டில் ஏமாந்ததை ஒத்துக்கொள்வான், மாமனார் வீட்டில் அடி வாங்கியதைக்கூட நாலு பேர் நடுவில் ஒத்துக்கொள்வான். ஒரு சித்திரையில், ஊரில் இருந்துகொண்டே, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கவில்லை என்று மட்டும் செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டான். ஒத்துக்கொண்டால் அன்று ராத்திரி அவனுக்குச் சோறு கிடையாது. இத்தனைக்கும் பிச்சுமணி மதுரையிலேயே பிறந்தவர், கணக்கில் புலி. லட்சத்தில் முந்நூறு என்று கணக்குப் போட்டார். அந்த லட்சமும் ஒரே பக்கம்தான் பார்த்து நிற்கும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வலதுபக்கமிருந்த அம்மாக்கள் மெல்லத் தலையைத் திருப்பி முன்பக்கம் பார்த்தார்கள்.

"ஏங்க, நீங்க அன்னைக்கு அழகரைப் பாக்கலயா?" என்று ஒரு குரல்.

ஒருவர் எழுந்தார். "நான் பாத்தது அஞ்சாம் வருசத்து ஆட்டம் போல. ஞாபகம் மாறிப்போச்சு." உட்கார்ந்தார். இன்னொருவர், "எனக்குச் சொன்னது எங்க சித்தப்பா" என்றார். பிறகு யாரும் தனித்தனியாக எழுந்து சிரமப்படவில்லை. "நாங்கெல்லாம் ஆத்துலதாம்மா இருந்தோம்" என்று மொத்தமாக ஒரு முனகல் கிளம்பி, இருநூற்றுப் பதினோரு சாட்சிகள் ஒரே நிமிஷத்தில் அழகரிடம் அடைக்கலம் புகுந்தார்கள்.

மிச்சம் ஒருவர். மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. கல்லில் இப்போது ஒரே பேருக்குத்தான் இடம். அந்த ஆசை அவரை நெட்டித் தள்ளியது.

"நான் ரெண்டையும் பாத்தேம்மா" என்றார் சிவபாண்டி. "ஆட்டம் பாத்தேன், சைக்கிளை எடுத்தேன், ஒரே அழுத்து. அழகரையும் பாத்துட்டேன்."

"அப்படியா சார்?" தீப்தி முகத்தில் நிஜமான சந்தோஷம். "அப்ப நீங்க எனக்கு உதவணும். மறுநாள் பக்கத்துல தாத்தா எழுதியிருக்கார். 'பார்வையாளர் மொத்தம் பதினொன்று. கமிட்டி ஒன்பது பேர். பசுமாடு ஒன்று. பந்து பொறுக்கும் பையன்கள் யாரும் வராததால் மொக்கையன் மகள் பொறுக்கினாள்.' இதுக்கு மேல டைரியில ஒண்ணுமில்ல. யார் ஜெயிச்சாங்கன்னுகூட எழுதல. கமிட்டியில யாரும் இப்ப உயிரோட இல்ல. அந்த மொக்கையன் மகளை ஒரு மாசமா தேடுறேன். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? மொக்கையன் எங்க மாமனாருல்ல!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார் சிவபாண்டி. சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. மொக்கையனுக்கு ஒரே மகள். கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது.

முனீஸ்வரி எழுந்து நின்றார்.

"நாந்தாம்மா மொக்கையன் மக" என்றார். "எங்கய்யா அழகருக்குத் தண்ணி பீச்சுற நேத்திக்கடன்னு ஆத்துக்குப் போயிட்டாரு. தரை நனைஞ்சு கெடக்கு, நீ பாத்துக்கன்னாரு. விடிகாலை நாலு மணியிலருந்து சாக்கு வச்சு ஒத்தி ஒத்தி எடுத்தேன். பந்தும் நாந்தான் பொறுக்கிப் போட்டேன்."

"யாரும்மா ஜெயிச்சா?" தீப்தி மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்துவிட்டாள். "ஐந்து செட்டா?"

"அஞ்சாவது பத்தாவது! மொத செட்டுலயே நாலு, மூணுன்னு இருக்கறப்ப ஆத்துப் பக்கம் வேட்டுப் போட்டாக. துரைராஜு ஆட்டத்தை நிறுத்திட்டு, என்னன்னு என்னையக் கையாலயே கேட்டாரு. எனக்கு அவுக பாசை தெரியுமா? ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, குருதையில வர்ற மாதிரி நாலு எட்டு நடந்து காமிச்சேன். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டாக. மட்டைய வலை மேல சாத்திட்டுக் கெளம்பிட்டாக. பின்னாடியே கமிட்டிக்காரவுக. உங்க தாத்தா மட்டும் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, 'மட்டையப் பாத்துக்கம்மா'ன்னுட்டு அவரும் ஓடுனாரு. நானும் மாடுந்தான் கடைசி வரைக்கும் இருந்தோம்."

தீப்தி சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. ஆறு வருஷப் போட்டி செத்த கதை அதுதான். பார்த்ததாகச் சொன்ன கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அன்று நிஜமாகவே வந்திருந்தால், அது இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும்.

ஆனால் முனீஸ்வரி உட்காரவில்லை. மேடைப் பக்கம் திரும்பினார். குரல் தணிந்துதான் இருந்தது.

"நான் அன்னைக்கு ஆத்துக்கே போகலங்க. சொல்லியிருந்தா, அழகரைப் பாக்காம மண்ணை மொழுகிட்டிருந்தவளான்னு உங்காத்தா வாசப்படி ஏத்திருப்பாகளா? அதான் வாயை மூடிக்கிட்டேன். ஆனா நாப்பது வருசமா கேக்கணும்னு இருக்கேன். நீங்க ஆத்துக்குள்ள பாத்த அந்தப் பச்சைச் சேலைக்காரி யாரு?"

ஐயோ பாவம் சிவபாண்டி. ஆட்டத்தைப் பார்த்தேன் என்றால், வருங்காலப் பெண்டாட்டி பந்து பொறுக்கிக்கொண்டிருந்தது கண்ணில் படவில்லையா? ஆற்றில் இருந்தேன் என்றால், யார் அந்தப் பச்சைச் சேலை? முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. கல்லையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது வருஷமாக அவள் இதை மனசில் வைத்து மாவோடு மாவாக அரைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அது உறைத்ததும் கல் கில் எல்லாம் மறந்துபோயிற்று.

"சத்தியமா ஒருத்தியும் இல்ல முனீஸ்வரி" என்றார். மைக் இன்னும் வாயருகில்தான் இருந்தது, மண்டபமே அதிர்ந்தது. "நான் ஆட்டத்துக்கும் போகல. ஆத்துக்கும் போகல. முத நா ராத்திரி பூராம் அழகரை வரவேக்குற எதிர்சேவையில சுத்திட்டு வந்து படுத்தேன். தூங்கிட்டேன். எந்திரிக்கறப்ப மணி பத்து. பச்சைன்னு சொன்னது அழகர் பட்டை வச்சுத்தான். உன்னைய எப்பிடியாவது கட்டணும்னுதான் சொன்னேன்."

தூங்கிவிட்டார்! மதுரையில், அழகர் இறங்குகிற காலையில், குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார்! அம்மாக்கள் பக்கத்திலிருந்து "அடப்பாவி" என்ற சத்தம் அலையாக எழுந்தது. முன்பக்கத்து ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் எத்தனை பேர் அன்று தூங்கினார்களோ, அது அழகருக்கே வெளிச்சம்.

முனீஸ்வரி சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"இம்புட்டுத்தானா? இதுக்கா நாப்பது வருசம் என்னைய வேகவிட்டீக? கோரிப்பாளையத்துலருந்து தெப்பக்குளம் வரைக்கும் எவ பச்சைச் சேலை கட்டிட்டு வந்தாலும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு அலைஞ்சேனே!" பிறகு தீப்தியைப் பார்த்து, "எம்மா, அவருக்கு ஒரு டீ குடுக்கச் சொல்லு. வேர்த்துப்போச்சு" என்றார்.

இப்போது சங்கத்து வாசலில் கல் நிற்கிறது. 'இறுதி ஆட்டத்தைக் கடைசி வரை நேரில் கண்டவர்: மொ. முனீஸ்வரி.' ஒரே பேர். மாட்டின் பேர் தெரியாததால் விட்டுவிட்டார்கள். கல்லை நட்டபோது கடப்பாரை பிடித்துக் குழி தோண்டியவர் சிவபாண்டி. "அந்தக் கல்லு நட்டப்ப நான் அங்கதாண்ணே இருந்தேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையைச் சொல்கிறார், ஒருவரும் நம்புவதில்லை.

விழா முடிந்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் பழங்காநத்தத்தில் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர், கழுத்தைச் சுற்றிய துணியோடு, கடை முழுவதுக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தம்மா எந்திரிச்சு நிக்கிது பாருங்க, நான் அதுக்கு நேர் பின்னாடிதான் உக்காந்திருக்கேன்..." சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சொன்னார். குறுக்கே புகுந்து மறுக்கலாமா என்று பார்த்தேன். எப்படி மறுப்பது? விழா அன்று சாயங்காலம் நான் கோரிப்பாளையம் சந்திப்பில், நகராத பஸ்ஸுக்குள், ஒரு காலில் நின்றுகொண்டிருந்தேன். சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்குச் சொன்னது அத்தனையும் நாலு பேர் சொல்லக் கேட்டதுதான்.

முறைக்காதீர்கள். எப்படியும் நாளைக்கு இதை நீங்கள் யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். "எங்கயோ படிச்சேன்" என்று ஆரம்பித்துப் பாருங்கள். எதிரே இருப்பவர் செல்போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவார். அவர் தலை கவிழ்ந்த அந்த விநாடியில், "மதுரைக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தப்ப..." என்று உங்கள் வாய் தானாகவே திருத்திக்கொள்ளும். தாராளமாகச் சொல்லுங்கள். யாராவது வந்து விசாரித்தால், உங்களை அங்கே பார்த்ததாக நானே சொல்கிறேன்.